எந்தப் பெட்டிக்குள் இருக்கிறாய்?

கிடங்கில் எல்லாரும் அவளை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பித்து வைத்தவன் அங்கே சுமை ஏற்றும் அவளுடைய அண்ணன். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள் என்பதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. அவளுக்கோ அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம், படித்தது நிஜமாகவே மண்டையில் ஏறியிருக்கிறதா என்ற சந்தேகம் எட்டிப் பார்க்கும்.

வீடு மாறிப் போகிறவர்களின் சாமான்களைக் கட்டி அனுப்பும் நிறுவனம் அது. அட்டைப்பெட்டி மரப்பெட்டிக்குள் போகும், மரப்பெட்டி லாரிக்குள் போகும். எதை எதற்குள் வைத்தாலும் இரண்டின் சீட்டையும் ஸ்கேனரில் காட்டிவிட வேண்டும். அதைக் கணினியில் பதிகிற சின்ன நிரல், அந்த ஸ்கிரிப்ட், அவள் எழுதியது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கோப்பு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அது சொல்லும். ஒன்று எங்கே என்று கேட்டால், ஸ்கிரிப்ட் எல்லாக் கோப்புகளையும் வரிசையாகத் திறந்து துழாவும். சாமான் குறைவாக இருந்தவரை ஓடியது. குவியக் குவிய, கேட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் ஒரு நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். வெளிநாட்டில் வேலை, சாயங்காலம் விமானம். பாஸ்போர்ட் வைத்திருந்த நீலப் பையை அவள் தம்பி மற்ற சாமான்களோடு பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டானாம். பெட்டியின் எண் அவளிடம் இருந்தது. அது எந்த லாரியில் என்பதுதான் தெரியவில்லை. லாரிகளோ புறப்படத் தயாராக நின்றன.

அத்தனையையும் இறக்கிப் பார்ப்பது நடக்கிற காரியமா என்று கையை விரித்த மேலாளர், டிகிரியின் பக்கம் திரும்பினார்.

“லாரி கிளம்புறதுக்குள்ள உன் மெஷின் சொல்லணும். இல்லன்னா நாளையிலேர்ந்து பழையபடி கையாலயே எழுதிக்கறோம். நீயும் வேற எடம் பாத்துக்கம்மா.”

எண்ணைத் தட்டினாள். வட்டம் சுற்றியது. நர்ஸ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்தாள்.

இந்த ஸ்கிரிப்ட் அப்படி என்னதான் செய்கிறது? வழி தப்பிய பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டி ‘இது உங்க பிள்ளையா’ என்று கேட்கிறது. நீ யார் வீட்டுப் பிள்ளை என்று பிள்ளையையே கேட்டால் என்ன?

அவளுக்குச் சுரீரென்றது. தேடலை நிறுத்தினாள். பெட்டிக் கோப்புகள் போக, ஸ்கேனரில் காட்டியதெல்லாம் காட்டிய வரிசையிலேயே தனியாக ஒரே கோப்பிலும் சேர்ந்திருந்தது, எது எதற்குள் போனது என்று. அந்த ஒன்றை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை படித்து, ஒவ்வொரு பெட்டியின் எண்ணுக்கு எதிரே, அதை உள்ளே வைத்திருக்கும் தாய்ப்பெட்டியைக் குறித்துவிட்டால் போதும். பிறகு தேடவே வேண்டாம். அட்டைப்பெட்டி மரப்பெட்டியைக் கைகாட்டும், மரப்பெட்டி லாரியைக் கைகாட்டும். விரல்கள் பறந்தன. எழுதி முடித்து எண்ணைத் தட்டிய கையோடு பதில் வந்து நின்றது.

“பச்சை லாரி, இந்த நம்பர் மரப்பெட்டி,” என்று திரையைக் காட்டினாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அண்ணன் தாவி ஏறி மூடியை நெம்பினான். உள்ளே பாத்திரங்கள்தான் இருந்தன. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸின் கண் கலங்கியது.

“அந்தப் பெட்டி இதுலதான் இருந்துச்சு. காலையில எடுத்து வேற ஒண்ணுல சொருகிட்டோம், எதுலன்னு ஞாபகமில்ல,” என்றான் அண்ணன். மரப்பெட்டியில் இடுக்கு கிடந்தால் சாமான் ஆடி உடையும். அதனால் கையில் கிடைக்கிற சின்னப் பெட்டியை உருவி இடுக்கை அடைப்பது அவர்கள் வழக்கம்.

“மாத்துனப்போ ஸ்கேன் பண்ணீங்களா?”

“பண்ணாம நீ உயிரோட விடுவியா?”

அப்படியானால் பதில் கோப்பில்தான் இருக்கிறது. ஓடிப்போய் எழுதியதைப் பார்த்தாள். நடுவில் ஒரு வரி பல்லிளித்தது: தாய்ப்பெட்டி ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தால் தொடாதே. எதையும் அழித்துவிடக் கூடாதே என்ற பயத்தில் தானாகக் கை எழுதிவிட்ட வரி. பெட்டி முதலில் இருந்த இடத்தை அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அப்புறம் மாறியதையெல்லாம் தள்ளிவிட்டிருந்தது. வேண்டியது கடைசி இடம் அல்லவா? அந்த வரியைத் தூக்கினாள். மறுபடி ஓடவிட்டாள்.

வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த லாரியின் எண் திரையில் வந்தது.

“அண்ணா, அந்த லாரிய நிறுத்து.”

அண்ணன் எடுத்த ஓட்டத்தில் ஒரு செருப்பு கிடங்கிலேயே தங்கிவிட்டது. ஓட்டுநர் திட்டிக்கொண்டே பின்கதவைத் திறந்தார். மூன்று பேர் சேர்ந்து மரப்பெட்டியைப் பிளந்தார்கள். சோபாவின் கால்களுக்கு நடுவே, பிதுங்கிக்கொண்டு, அந்தப் பெட்டி. அதற்குள் நீலப் பை. நர்ஸ் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, நன்றி சொல்லக்கூட மறந்து, வாடகைக் காரைப் பார்த்து ஓடினாள்.

மேலாளர் மெதுவாகக் கணினிக்குப் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணில் பட்ட ஒரு பெட்டியின் எண்ணைச் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் பதில் வந்தது. இன்னொன்று சொன்னார். அதுவும் வந்தது. சுமை ஏற்றுகிறவர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு எண்ணைக் கத்த ஆரம்பித்தார்கள்.

“ஸ்கேன் பண்ணும்போதே தாய்ப்பெட்டி பதியற மாதிரி மாத்தணும் சார். இனிமே இது மொத்தத்தையும் திரும்பப் படிக்கவே தேவையில்ல,” என்றாள்.

“அப்ப நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துடு,” என்றார் மேலாளர், அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டே.