முளை காட்டிய தட்டு

ஐம்பதுகளில் கொழிஞ்சாம்பாறையில் நான் நிலக்கடலை மண்டி வைத்திருந்தேன். விதைக்கு விற்பதில் மண்டிக்காரர்கள் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடிக் கடலையை ஈரச்சாக்கில் முடிந்து வைத்து, நாலாம் நாள் முளைவிட்டதைத் தட்டில் பரப்பிக் கடை வாசலில் வைக்க வேண்டும். எந்த மூட்டைக் கடலை தட்டில் இருக்கிறதோ அதைத்தான் விதையென்று விற்க வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் அதைச் சொல்லி மார்தட்டிக்கொள்வோம், என் குரல்தான் கொஞ்சம் ஓங்கியிருக்கும்.

ஒரு வருஷம் மழை முந்திக்கொண்டது. விதைக்கடலை மளமளவென்று தீர்ந்துபோய், செக்குக்குப் போக வேண்டிய போன வருஷத்து மூட்டைகள்தான் உள்ளே மிச்சம். தீர்ந்த மூட்டையின் முளைத்தட்டை மட்டும் நான் வாசலிலிருந்து எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்.

அப்போதுதான் அந்தப் பெண் விதைக்கடலை கேட்டு வந்தாள். கணவன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விளைச்சலில் பங்கு கொடுத்து அவன் வாரத்துக்கு உழுத மேட்டுக்காட்டைத் தானே பார்ப்பதாக நிலத்துக்காரரிடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

"இந்த வெள்ளாமை வந்தாத்தானுங்க காட்டுக்காரரு என்னை நம்பி உடுவாரு" என்றாள். தட்டிலிருந்த ஒரு முளையை எடுத்து உற்றுப் பார்த்தாள். "இந்த மூட்டைதானுங்களா?"

"அதேதாம்மா" என்றேன்.

பாதியாவது முளைக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பழைய கடலையை அளந்து போட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவள் கடைப்பக்கம் வருவதைப் பார்த்ததுமே பதிலைத் தயார் செய்துவிட்டேன். ஆழமாகப் போட்டிருப்பாய், எறும்பு தின்றிருக்கும். எதற்கும் அவள் வேலை வைக்கவில்லை.

"சாலெல்லாம் வெறும் மண்ணாக் கெடக்குதுங்க. உங்களக் கொற சொல்ல வரலீங்க, தட்டுலதான் பாத்தனே. ஆளு கெடைக்காம நானே வெதை போட்டனுங்க. தாலியறுத்தவ போட்டா எப்படி மொளைக்கும்னு ஊர்ல சொல்றாங்க. என்ற கைதானுங்க காரணம்."

கடையில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எல்லாம் நேரம்மா" என்றேன். என் ஆயுசில் நான் பேசியதிலேயே கேவலமான பேச்சு அதுதான்.

ஏருக்குப் பின்னால் நடந்து விதை போடுவது எங்கள் பக்கம் பெண்கள் வேலை. அந்தக் கூலிக்கும் அவளை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அதைக் கேள்விப்பட்டபின் பொள்ளாச்சியிலிருந்து நல்ல விதையாக வரவழைத்து, வந்து வாங்கிக்கொள் என்று சொல்லியனுப்பினேன். அவள் அண்ணன்தான் கடைக்குள் வந்தான். அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். மூட்டையைத் தொடக்கூட வரவில்லை.

அண்ணன் விதை போட்டான். ஒரு சாலில்கூட இடைவெளி இல்லாமல் முளைத்தது. செய்ததைச் சரிக்கட்டிவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாளே சந்தையில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அதே காடு, உங்க கடைக் கடலையேதான். கை மாறுச்சு, மொளைச்சிருச்சு பாருங்க." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதுவரை சும்மா பேச்சாக இருந்ததற்கு நானே சாட்சி விளைவித்துக் கொடுத்திருந்தேன்.

காட்டுக்காரர் காட்டை அண்ணனுக்கே வாரத்துக்கு விட்டுவிட்டார். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு அவள் புறப்பட்டாள். போகிற அன்று காலையில் துணிமூட்டையோடு கடை வாசலில் வந்து நின்றாள். தட்டு பக்கத்தில்தான் இருந்தது. அதில் கை பட்டுவிடாமல் ஒதுங்கி நின்றாள்.

"நல்ல வெதையக் குடுத்தீங்க, நாந்தான் வீணாக்கிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

"பரவாயில்லம்மா" என்றேன்.