சவரிமுத்து சொன்ன பாதிக் கதை

அரிசி மில், எட்டு லாரி, கல்யாண மண்டபம், கடைத்தெருவில் மாடிக் கட்டடம். மன்னார்குடியில் இதெல்லாம் நான் எழுப்பியது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். கடன் கேட்டுப் போனபோது பாங்கில் என்னை வாசலிலேயே நிற்க வைத்தார்கள். இன்றைக்கு அந்த பாங்கு என் கட்டடத்தில்தான் வாடகைக்கு இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கூச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன மாதம் எங்கள் பக்கத்திலிருந்து ராணுவத்துக்குப் போனவர்களுக்கு ஒரு நினைவுக்கல் திறந்தோம். கறுப்புக் கிரானைட், என் செலவு. ‘உபயம்’ என்று மேலே என் பேர். கல் வெட்டியவர், "பட்டத்தோட போட்டா ரெண்டு வரி வருதுங்க, சின்ன எழுத்தா வெட்டிடவா?" என்று கேட்டார். "கோயில் டியூப்லைட்டுலயே என் பேரு பெருசா இருக்கு, இதுல என்னய்யா சின்னது" என்றேன்.

பொன்னாடையெல்லாம் முடிந்த பிறகு ஆரோக்கியமேரி வந்தார். ராணுவத்திலிருந்து திரும்பி என் முதல் லாரியை ஓட்டிய சவரிமுத்துவின் மனைவி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கல்லை மேலிருந்து கீழே விரலால் தடவிப் படித்தார். புருஷன் பேர் இல்லை. இடம் போதாமல் நினைவுக்கல் கமிட்டிக்காரர்கள் கடைசிப் பேரை விட்டிருக்கிறார்கள்.

"உங்க பேரு நல்லாத் தெரியுதுங்க மொதலாளி" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் லாரி ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். டீசலும் நனைந்த சாக்கும் கலந்த அந்த வாடை வந்தால் எனக்கு சவரிமுத்து பக்கத்தில் இருப்பது மாதிரிதான்.

கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்கள் ஆட்சிக்கு வந்த புதிது அது. வயலுக்கு வயல் செங்கொடி. நிலம் உழுதவனுக்கா, பட்டா வைத்திருப்பவனுக்கா என்று ஊர் ஊராக அடிதடி. சீனாக்காரன் சண்டைக்குப் போய் வந்த சவரிமுத்துவுக்கு, வாய்க்கால் கடைமடையில் கொஞ்சம் புறம்போக்கை சர்க்கார் ஒதுக்கியது. அங்கே ஏற்கெனவே கூலிக்காரக் குடும்பங்கள் மண்ணைத் திருத்தி நட்டிருந்தன. பக்கத்து மிராசுதாருக்கு அவர்களைக் கிளப்ப ஆசை. "யூனிபாரம் போட்டு மெடலைக் குத்திக்கிட்டு வா, ஆளும் கம்பும் நான் தர்றேன்" என்றார். சவரிமுத்துவும் மெடலோடு வந்தார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். வரப்பில் வந்து நின்றார். கதிர் பால் பிடித்திருந்தது.

"பயிரு நிக்குதுங்களே."

"நின்னா என்ன? எறங்குய்யா."

"அறுத்துக்கட்டும்ங்க. பால் கதிர்ல நான் கால் வைக்கமாட்டேன்."

திரும்பி நடந்தார். மிராசுதார் ஆள் ஒருத்தன், "சீனாக்காரனைப் பாத்தும் இப்படித்தான் திரும்பினியா மிலிட்டரி?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் சிரிப்பும் அதில் இருந்தது. அறுவடை முடிந்தும் அவர் அந்த நிலத்துக்குப் போகவில்லை. என் லாரிக்கு வந்துவிட்டார்.

பேராவூரணியில் தேங்காய் ஏற்றித் தஞ்சாவூருக்குப் போவோம். லோடுமேனும் நானே, முதலாளியும் நானே. வண்டி கிளம்பினால் அவர் பேசுவார், நான் தூங்குவேன். ஒரு நாள் சண்டையைச் சொன்னார்.

"மலைப்பாதைல பின்வாங்கச் சொல்லிட்டாங்க மொதலாளி. வண்டி எதிரி கையில சிக்கக் கூடாது, பள்ளத்துல தள்ளிடுன்னு ஆர்டர். வண்டிக்குள்ள பின்னாடி ரெண்டு பேரு அடிபட்டுக் கெடக்கான். அதுல ஒருத்தன் தமிழ்ல தண்ணி கேக்குறான்..."

அந்த இடத்தில் தூங்கிப்போனேன். விழித்தால் ஒரத்தநாடு, பாய் டீக்கடை வாசல்.

"அப்பறம் என்ன ஆச்சு மிலிட்டரி?"

"டீ ஆறுது, குடிங்க."

அதற்குப் பிறகு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் செத்தபோது பெரிய மாலையாகப் பார்த்து வாங்கிப் போட்டேன்.

திறப்பு விழாவுக்கு மறுநாள், பேரைச் சேர்க்கச் சொல்லி கமிட்டியில் சத்தம் போட்டேன். செயலாளர் ரிட்டயர்டு வாத்தியார், நல்ல மனுஷர். "ஓரத்துல வெட்டிடலாங்க. விழா மலர்ல அவர் கதையையும் போடுவோம். ரெண்டு பேரையும் தோள்ல தூக்கிட்டு எறங்கினார்னு முடிச்சுக்கலாமா? படிக்க நல்லாருக்கும்" என்றார்.

"தூக்கினாரா?"

"அது இப்ப யாருக்குங்க தெரியும்?"

ஆரோக்கியமேரிக்குத் தெரிந்திருக்கும் என்று ஓடினேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "என்கிட்ட சண்டையப் பத்தி வாயே தொறந்ததில்லீங்க. மொதலாளிகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், அவரு கேட்டுக்கிட்டாருன்னு சொல்லுவாரு."

எதிரே உட்கார முடியவில்லை. கொடுத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அந்தக் கடைமடை வயலில் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். வரப்பில் நின்று சிரித்தவர்களில் நான் மட்டும்தான் பாக்கி. மலைப்பாதையில் அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்பது சவரிமுத்துவோடு போய்விட்டது.

ஆகவே கமிட்டிக்குச் சொல்கிறேன். கல்லைத் தேய்த்து உபயத்தை எடுத்துவிட்டு அங்கே சவரிமுத்து பேரை வெட்டுங்கள், கூலி என்னுடையது. மலரில் கதையை, அந்தப் பையன் தண்ணி கேட்டது வரைக்கும் போட்டு நிறுத்துங்கள். தோளில் தூக்குவதெல்லாம் வேண்டாம். அதற்குக் கீழே ‘கேட்டவர்’ என்று என் பேர் வரவேண்டும். இதை விட்டுத்தர மாட்டேன், அவர் வாயிலிருந்து அதைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான். பாதிதான் கேட்டார் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.