ஸ்டெப்னி கை

என் மருமகள் கட்டிக் கொடுத்த பல் செட்டால் நான் இரும்பு ஆணியைக் கடித்துத் துப்புவேன். ஆணி என்பது கொஞ்சம் மிகை. பாதாம் பருப்பு. அதுவும் ஊறவைத்தது. ஆனால் நான் கடிக்கும் சத்தத்தைக் கேட்டால் ஆணி என்றுதான் நீங்களும் சாட்சி சொல்வீர்கள்.

அவள் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். என்னை முதன்முதலாகச் சந்தித்த அன்று, வணக்கம் சொன்ன கையோடு, “அத்தை, மேல்வரிசை எடது பக்கம் லேசா தூக்குதே, மெல்லும்போது வலிக்கலையா?” என்று கேட்டாள். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போயிற்று. வலித்துக்கொண்டுதான் இருந்தது.

அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பல் டாக்டரம்மா என்று பெயர். “டாக்டர் இல்லீங்க, டாக்டருக்கு வேல செய்யறவ” என்று அவளும் சலிக்காமல் திருத்துவாள். பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து இவள் பல் செய்து கொடுப்பாள். கண்ணாடி போட்டு மூடிய பால்கனிதான் பட்டறை. ஸ்பிரிட் விளக்கில் மெழுகை இளக்கி, சின்னக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி, வெளியில் தெரியாத கடைவாய்ப்பல்லுக்குக்கூட மேடும் பள்ளமும் வைப்பாள். தாடை கோணியவர், ஈறு கரைந்தவர் என்று மற்ற இடங்களில் திருப்பி அனுப்பிய வாய்களெல்லாம் கடைசியில் இவளிடம் வந்து சேரும். ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய் என்றால், “எல்லாரும் மாட்டேன்னா அப்புறம் அந்த ஆளு எப்படித்தான் சாப்புடுவாரு?” என்பாள்.

அந்த வலது கையை அவள் பொத்திப் பொத்தி வைத்திருப்பதைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும். காய் நறுக்குவது, சூடான பாத்திரத்தை இறக்குவது, இறுகிய மூடியைத் திருகுவது எல்லாம் இடது கைதான். கூட்டத்தில் நடந்தால் வலது கை சட்டைப் பைக்குள் போய்விடும். பாத்திரம் துலக்கும்போது வலது கைக்கு மட்டும் ரப்பர் கையுறை. இடது கை வெறுமனே சோப்புத் தண்ணீரில் ஊறும். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் அந்த இடது கைக்கு ‘ஸ்டெப்னி’ என்று பெயர் வைத்தார். அவளுக்கும் அது பிடித்துவிட்டது. “மெயின் போச்சுன்னா சோறு போச்சு மாமா. ஸ்டெப்னி எப்படிப் போனா என்ன?” என்பாள்.

இப்படிப்பட்டவள்தான் ஒருநாள் மிருகக் காப்பகத்திலிருந்து கம்பிக்கூண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூனைக்குட்டி ஏதாவது இருந்தால் கொஞ்சநாள் வளர்த்துக் கொடுக்கிறேன் என்று அங்கே சொல்லி வைத்திருந்தாள். போன இடத்தில் பூனைக்குட்டிகளுக்கு ஆள் வரிசையில் நின்றதாம். யாரும் கேட்காமல் மூலையில் இருந்தது இது: செல்லப்பிராணிக் கடை ஒன்றைக் காலி செய்தவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டு விட்டுப்போன எலி. வெள்ளை உடம்பு, தலையிலிருந்து தோள்வரை பழுப்பு முக்காடு. வயிற்றுக்கடியில் அன்றுதான் பிறந்த குட்டிகள். கூண்டின் மேல் சிவப்பு மையில் ‘கடிக்கும்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. காப்பகத்து ஆள் ஒருவரின் கட்டைவிரல் அதற்குச் சாட்சி.

“எலிக்கா பிள்ளப்பேறு பாக்கப் போறீங்க?” என்றார் என் வீட்டுக்காரர்.

“எல்லாரும் மாட்டேன்னா அப்புறம் அது எங்கதான் போகும் மாமா? குட்டிங்க பால்குடி மறக்கறவரைக்கும்தான்.”

கப்பலில் வேலை செய்யும் என் மகன் போனில் கேட்டுவிட்டு, “நான் இல்லாத நேரம் பாத்து வீட்டுக்கு ஆள் சேக்கறீங்களா?” என்றான். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தி, கால்களை ஸ்டூலின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பேப்பரை விரித்தார். அன்று விரித்த பேப்பர்தான். வாரக்கணக்கில் அவர் முகத்தை நான் அரைகுறையாகத்தான் பார்த்தேன். எலிக்கு மட்டும் ‘உன் சம்பந்தியம்மா’ என்று பெயர் வைத்து என்னை வம்புக்கிழுத்தார்.

மருமகளுக்கும் பயம்தான். ஆனால் பயப்படுவதைக்கூட முறையாகச் செய்கிறவள். தினமும் பட்டறையிலிருந்து எழுந்ததும் கூண்டின் முன் தரையில் உட்கார்ந்து, ஸ்டெப்னி கையை மல்லாத்தி வாசலில் வைப்பாள். வலது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். முதலில் சம்பந்தியம்மா மீசையை மட்டும் நீட்டினாள். பிறகு அவித்த முட்டைத் துணுக்கை விரல் நுனியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அப்புறம் ஒருநாள் உள்ளங்கையில் முன்கால்களை ஊன்றி நின்று, முட்டையை அங்கேயே வைத்துத் தின்றாள்.

அன்று என் மருமகள் எலியின் வாயைப் பார்த்துவிட்டாள்.

“அத்தை, இங்க வாங்க. இந்தப் பல்லப் பாருங்க.”

மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில், உளி மாதிரி நீளமாக இருந்தன. ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்குமாம். ஒன்றோடொன்று உரசித் தாமே கூர் தீட்டிக்கொள்ளுமாம். “அளவெடுக்க ஆள் வேணாம், ராவ ஆள் வேணாம். நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஒண்ணு செய்ய வராது” என்றாள். அவள் வேறு எந்தப் பல்லையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. என் சொந்தப் பல் கடைசியாக இருந்த காலத்தில் அதைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுதமுடியாது.

குட்டிகளையும் காட்டினாள். ரோஜா நிறத்தில், விரல்நுனி அளவுக்கு, கண் திறக்காமல், நெளிந்துகொண்டிருந்தன. தோல் அவ்வளவு மெல்லிசு. பால் குடித்தால் வயிற்றுக்குள் வெள்ளைத் திட்டாக வெளியே தெரிகிறது. நான் மூன்று பிள்ளை பெற்றவள். ராத்திரியெல்லாம் வயிறு நிறைந்ததா இல்லையா என்று தவித்திருக்கிறேன். சம்பந்தியம்மாவுக்கோ எட்டிப் பார்த்தால் போதும்.

தப்பு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பல் வேலையில் எதைத் தொட்டாலும் கிருமிநாசினியில் கழுவுவது அவளுக்குச் சட்டம். அந்தக் கண்ணோடு கூண்டைப் பார்த்தவளுக்குப் பொறுக்கவில்லை. தாயை முட்டை காட்டி ஒரு டப்பாவுக்கு வரவைத்து, குட்டிகளை ஒரு துண்டில் எடுத்து ஒதுக்கி, எலி கடித்துக் குதறிக் கூடு கட்டியிருந்த காகிதம் பூராவையும் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டாள். வலது கைக்குக் கையுறை மாட்டி, ஸ்டெப்னியால் கூண்டைப் பிடித்து, பட்டறையில் வைத்திருக்கும் அதே மருந்தை ஊற்றித் தேய்த்தாள். கூண்டு பளபளத்தது. துவைத்த வெள்ளைத் துண்டு விரித்து, தாயையும் குட்டிகளையும் உள்ளே விட்டாள்.

சம்பந்தியம்மா மூக்கைத் தூக்கினாள். ஒரு குட்டியைக் கவ்வி இந்த மூலையில் வைத்தாள். எடுத்து அந்த மூலையில் வைத்தாள். இன்னொன்றைக் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினாள். கீழே போட்டுவிட்டுக் கம்பியைக் கடித்தாள். குட்டிகள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிக் கிடந்தன. அவள் எதற்கும் பால் கொடுக்கவில்லை.

மருமகள் காப்பகத்துக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள்.

“எல்லாத்தையுமா கழுவிட்டீங்க?” என்றாள் காப்பகத்துப் பெண். “வாசன போயிருச்சுன்னா அதுக்கு அது வேற வீடும்மா. பழைய காகிதம் ஒரு பிடியாவது மிச்சம் வச்சிருக்கணும். இருக்கா?”

“வண்டி போயிருச்சு.”

“இந்த வயசுல தாய் சேத்துக்கலன்னா பொழைக்க வைக்கறது கஷ்டம். சூடு கொறைஞ்சாலே போயிரும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்க. ஒண்ணு, கைய மட்டும் உள்ள விட்றாதீங்க. பயந்த தாய் எலும்பு வரைக்கும் கடிக்கும்.”

பொறுத்துப் பார்த்தோம். ரோஜா நிறம் மெல்ல மங்கியது. வயிற்றில் இருந்த வெள்ளைத் திட்டுகள் சுருங்கிக்கொண்டே வந்தன. மருமகள் கையுறையைக்கூடக் கழற்றாமல் கூண்டு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். “நாந்தான் கொன்னுட்டேன் அத்தை” என்றாள். பட்டறையில் அரைகுறை மெழுகில் யாருடைய வாயோ காத்துக்கிடந்தது. மறுநாள் காலையில் அதை ஒப்படைக்கவேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

பிறகு அவள் கூண்டுக் கதவைத் திறந்தாள்.

நான் பக்கத்திலேயே நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எலியோடு இத்தனை நாள் பழகிய ஸ்டெப்னி கையை மல்லாத்தி உள்ளே வைத்தாள். சம்பந்தியம்மா பாய்ந்து வந்து சுட்டுவிரலைக் கவ்வினாள். சுவரைக் கொறிக்கும் பல் அது. மருமகள் கையை இழுக்கவில்லை. பல் விரலின்மேல் அப்படியே நின்றது. பிறகு விட்டது. சம்பந்தியம்மா விரலை ஒருமுறை நக்கினாள். திரும்பிப் போய், தூரமாகக் கிடந்த குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து உள்ளங்கையில் வைத்தாள். அடுத்ததைக் கொண்டுவந்தாள். அதற்கும் அடுத்தது. எல்லாக் குட்டிகளும் சேர்ந்ததும் தானும் அந்தக் கைமேல் ஏறி, போர்வை மாதிரி பரவிப் படுத்துக்கொண்டாள்.

என்னைப் பேசாமல் உட்காரவைத்தவர்கள் இந்த உலகத்தில் குறைவு.

மருமகள் கை மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து எலி புரண்டு படுத்தபோது குட்டிகளின் வயிற்றில் மறுபடி வெள்ளை தெரிந்தது. அவள் ஒரு குட்டியின் கழுத்தருகே குனிந்து பார்த்தாள். எலி கவ்வித் தூக்கிய இடம்.

“ஒரு கீறல் இல்ல அத்தை” என்றாள், கோயிலில் பேசுகிற குரலில். “நான் பாத்துப் பாத்துக் கட்டற செட்டே ஈற புண்ணாக்கிருச்சுன்னு திரும்பி வருது. கம்பிய அறுக்கற பல்லு இது. இந்தத் தோல்ல ஒரு கீறல் இல்ல.”

இப்போது குட்டிகளுக்கு முடி முளைத்து, கண் திறந்து, வீடு எங்கள் வசம் இல்லை. ஒன்று என் செருப்பில் தூங்குகிறது. அடுத்த வாரம் எல்லோரும் காப்பகத்துக்குத் திரும்புகிறார்கள். மருமகள் அதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. பட்டறையில் மெழுகு சுரண்டிக்கொண்டிருக்கிறாள். தோளில் சம்பந்தியம்மா உட்கார்ந்து மேற்பார்வை செய்கிறாள்.

இதுவரை எழுதியதைக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். இந்த ஒரு விஷயத்தில் நான் கையிலிருந்து ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை என்று பெருமையாகவும் சொன்னேன்.

பேப்பர் கீழே இறங்கியது.

“தப்பா எழுதியிருக்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“எங்க தப்பு?”

“கண் கொட்டாம பாத்தியாமே. நீ சோபா தலகாணிய மூஞ்சில அமுக்கிட்டு நின்ன. தலகாணிய எடுத்தப்ப எலி வெரலக் கவ்வியாச்சு.”

“சரி, கொஞ்சம் அமுக்கியிருப்பேன். மத்ததெல்லாம் சரிதானே?”

“மொதல்ல ஸ்டெப்னியத்தான் நீட்டினா. அதுல மருந்து நாத்தம். எலி மூஞ்சத் திருப்பிக்கிச்சு. ரெண்டாந்தடவ நீட்டினப்பவும் அப்படித்தான்.” அவர் மருமகளைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை, மெழுகுக் கத்தி மட்டும் நின்றிருந்தது. “ஸ்டெப்னி அன்னிக்கு பஞ்சர். அவ கையுறையக் கழட்டினா.”

பேப்பரை மடியில் போட்டுவிட்டு, தன் வலது கையை மல்லாத்தி, விரல்கள் அசையாமல், எனக்கு முன்னால் நீட்டிக் காட்டினார்.