சலீம் நானா பொத்திய வாய்

உட்துறைமுக வீதியில் பஸ் நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் அலுவலகச் சாரதி ஜெகன் போனில் பேசினான். "அக்கா, சலீம் நானா மௌத்தாகிட்டார். நெஞ்சு வலியாம். பின்னேரம் அடக்கம்." பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் இறந்தது ஆரென்று கேட்டாள். பெயரைச் சொன்னதும், "அந்தத் துப்பாக்கி வெடி வழக்கில சாட்சி சொன்னவரோ?" என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலைக் காலம் முழுவதும் மதகும் வாய்க்காலுமாக அலைந்த மனிதரை ஊர் ஒரே நாளால்தான் நினைவு வைத்திருக்கிறது. ஆனால் அந்த நாளை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத என்னாலும் முடியவில்லை.

நீர்ப்பாசன அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய லீவு விண்ணப்பங்கள் மறந்திருக்காது. 'சுகவீனம்' என்று போடச் சொன்னால் கேட்கமாட்டார். "எனக்குச் சுகந்தானே தங்கச்சி. மருமகனுக்குப் பொண் பாக்கப் போறன். அதையே எழுதுங்க" என்பார். மருமகன் என்றது தங்கை ஆயிஷாவின் ஒரே மகன் இர்பானை. தகப்பனில்லாத அவனை வளர்த்தவர் நானாதான்.

அந்த இர்பான்தான் செத்தான். தம்பலகாமத்தில் அறுவடைக் காலம். மதகு பார்க்கப் போன நானாவைக் கூட்டிவர மோட்டார் சைக்கிளில் போயிருந்தான். திரும்பும்போது இருட்டிவிட்டது, பாதையில் யானை. வண்டியை விட்டுவிட்டு இருவரும் வயல் வரம்பால் நடந்து, சிவலிங்கம் என்ற விவசாயியின் காவல் பரண் பக்கம் போனார்கள். இரவில் பரணுக்குப் போகிறவன் தூரத்திலிருந்தே குரல் கொடுக்க வேண்டும். யானை கிட்ட நின்றால் குரலும் கொடுக்கக்கூடாது, டோர்ச்சும் அடிக்கக்கூடாது. இரண்டும் அங்குள்ள எல்லோருக்கும் தெரிந்த வழக்கங்கள். அதற்கு முந்திய கிழமைதான் பக்கத்துப் பரணில் நெல் திருட வந்தவர்கள் காவல்காரனை வெட்டியிருந்தார்கள். சத்தமில்லாமல் நெருங்கிய நிழல்களைக் கண்டு சிவலிங்கம் "ஆரது?" என்று கத்தினார். பதில் வரவில்லை. சுட்டுவிட்டார்.

வழக்கு முடியும்வரை ஊர் ஊராக இருக்கவில்லை. நானாவின் ஊரான கிண்ணியாவில் தம்பலகாமத்துத் தயிர் வாங்குவதை நிறுத்தினார்கள். தம்பலகாமத்தில் கிண்ணியா மீன் வண்டிக்குக் கைகாட்டுவதை நிறுத்தினார்கள். முகநூலில் ஒரு பக்கம் 'கொலைகாரன்', மறுபக்கம் 'கள்ளன்'. இர்பானைத் தெரியாதவர்கள்தான் அவனைக் கள்ளன் என்று எழுதினார்கள். சிவலிங்கத்தைத் தெரியாதவர்கள்தான் அவரைத் தூக்கில் போடச் சொன்னார்கள். எங்கள் தேநீர் அறையில்கூட இரண்டு மேசையாகப் பிரிந்து இருந்தோம். நானா தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நானாவும் இர்பானும் முதலில் குரல் கொடுத்தார்களா என்பதில்தான் வழக்கே நின்றது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நானா. அதிர்ச்சியில் பொலிசுக்கு வெடி விழுந்ததை மட்டும் சொல்லியிருந்தார். சாட்சிக்கு முந்திய நாள் ஆயிஷா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எங்கள் எல்லோருக்கும் முன்னால், "நானா, கூப்பிட்ட எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. எண்ட புள்ளைக்காக ஒரு சொல்லு" என்றார். நானா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் நீதிமன்றத்தில் இரு பக்கத்தாரும் நடுவில் இருக்கைகளை வெறுமையாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பொலிசார் நின்றார்கள். சட்டத்தரணி கேட்டதும் நானா சொன்னார்: "கூப்பிடல்ல. யானை கிட்ட நிண்டது. அவர் ஆரெண்டு கேட்டார். புள்ள பதில் சொல்ல வாயத் தொறந்தவன். நான்தான் அவன்ட வாயப் பொத்தினனான். எண்ட கைக்குள்ளதான் அவன்ட மூச்சு இருந்தது, வெடி விழக்குள்ள."

ஆயிஷா எழுந்து வெளியே போனார்.

தற்காப்பு என்று சிவலிங்கம் விடுதலையான நாளில் நீதிமன்ற வாசலில் சிலர் பட்டாசு வெடி கொளுத்தினார்கள். ஒருவன் நானாவுக்குக் கைகொடுக்க வந்தான். நானா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "உங்களுக்காக நான் ஒண்டும் சொல்லல்ல. எங்கட வீட்டில மையத்து விழுந்திருக்கு, நீங்க வெடி கொளுத்துறீங்க. வெக்கமில்லையா?" அதற்குப் பிறகு அந்தப் பக்கமும் அவரோடு கதைக்கவில்லை. அவருடைய பள்ளிவாசலிலேயே அவருக்குப் பக்கத்தில் நின்று தொழத் தயங்கினார்கள். தங்கை அவர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஒருநாள் கேட்டேன், அப்படிச் சொன்னதற்கு வருத்தமில்லையா என்று. "வருத்தம் இருக்கு தங்கச்சி. ஆனா அந்தக் கை எண்டதானே. வேற ஆர்ட கை எண்டு சொல்ல?" என்றார்.

அவர் மௌத்தான அன்று கிண்ணியாவில் அவருடைய வீட்டுக்குப் போனபோது ஆயிஷா நானாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் வாசலில் சலசலப்பு. சிவலிங்கம் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தனியாக. இளைஞர்கள் வழியை மறித்து நின்றார்கள். ஒருவன் அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டான். உள்ளேயிருந்து ஆயிஷாவின் குரல் வந்தது.

"விடுங்க. நானாவப் பாக்க வந்த ஆள், பாத்திட்டுப் போகட்டும். என்னோட மட்டும் கதைக்க வேணாம்."

பெண்கள் உள்ளறைக்கு ஒதுங்கினோம். அவர் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

நானாவை நான் நல்லவர் என்று மட்டும் சொல்லி விட்டுவிட மாட்டேன். நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். எது நடந்திருந்தாலும், யார் செய்தது என்று யாராவது கேட்டால், முதலில் என் கை எங்கே இருந்தது என்று பார்க்கிறேன்.