மீட்டர் அக்காவின் முப்பத்திரண்டாவது கட்டுரை

தண்ணீர் மீட்டரின் கண்ணாடியைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முழங்காலில் உட்கார்ந்தபடி எண்களை வாய்விட்டுப் படிக்கிறார், மாதாமாதம் ரீடிங் எடுக்க வரும் மீட்டர் அக்கா. இரண்டு தரம் படித்த பிறகுதான் பதிவேட்டில் எழுதுவார். எழுதி முடித்ததும் அதை மூடிவிட்டு, தோள்பையிலிருந்து நீல அட்டை போட்ட வேறொரு நோட்டை எடுக்கிறார். அதில் நாலு வரி எழுதுகிறார். அந்த நாலு வரிக்கும் எங்கள் வீட்டுத் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு உள்ளூர உதறல்தான். எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுவதைப் பற்றி மேலிடத்துக்கு ஏதோ எழுதுகிறார் என்று நினைத்துக் கேட்டேவிட்டேன்.

"உங்க வீட்டைப் பத்தி இல்ல சார். அங்க தபால் பெட்டியை எந்தச் சுவத்துல மாட்டுவாங்கன்னு ரெண்டு நாளா பிடிபடல. உங்க சுவத்தைப் பாத்ததும் பிடிபட்டுடுச்சு. மறக்கறதுக்குள்ள எழுதிக்கிறேன்."

'அங்க' என்றால் எங்கே என்று கேட்டது என் தப்பு. அன்று அவருக்கு ஐந்து வீடு தாமதமாயிற்று. எனக்கு அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது.

'அங்க' என்பது பத்தொன்பது வருடமாக அவர் மனசுக்குள் வைத்திருக்கும் ஒரு நாடு. அதற்குப் பெயர் கிடையாது. "உள்ள இருக்கறவங்களுக்குப் பேரு எதுக்கு சார்? வெளியூர்க்காரங்களுக்குத்தான் அது வேணும்." அங்கே சூரியன் கிழக்கே எழுந்து, உச்சிக்கு வந்து, வந்த வழியே கிழக்குக்குத் திரும்பிப் போய்விடும். மேற்குச் சுவர்களில் வெயிலே படாது. தண்ணீர்ப் பானை, தபால் பெட்டி, கோபத்தில் இருக்கும் மாமனார் எல்லாவற்றையும் அந்தப் பக்கம்தான் வைப்பார்கள். காலையில் விழுந்த நிழல் சாயங்காலமும் அதே இடத்தில் விழும் என்பதால், காலையில் ஒரு மரத்தடியில் சண்டை போட்டவர்கள் சாயங்காலம் அதே நிழலுக்கு வந்து சமாதானம் பேசியாக வேண்டும். அது சட்டம்.

"மந்திரவாதி, ராட்சசன் யாரும் கிடையாதா?" என்று கேட்டேன்.

"ஒரு மந்திரவாதி இருந்தாரு. வேலை கிடைக்கலன்னு கிளம்பிப் போயிட்டாரு."

இதைச் சிரிக்காமல் சொல்கிறவரை நான் எப்படி விடுவேன்? ஒவ்வொரு மாதமும் அவர் வரும் நாளுக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. காலில் பழுப்பு நிறக் கேன்வாஸ் ஷூ. மீட்டர் குழியில் மண் அடைத்திருந்தால் கொண்டை ஊசியைக் கழற்றிக் கிளறிவிட்டு, துடைத்து, திரும்ப அதே கொண்டையில் செருகிக்கொள்கிறார். வட்டாரத்தில் எந்த நாய் கடிக்கும், எந்த நாய் சும்மா சவுண்டு விடும் என்பது அத்துப்படி. எந்த வீட்டிலும் ரீடிங் எடுப்பதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. "எடுத்தப்புறம் குடிச்சாலும் மீட்டர் ஓடத்தானே செய்யும்?" என்று மடக்கினேன். "அது அடுத்த மாசம் சார்" என்றார்.

நோட்டுகள் நிறைந்து முப்பத்தோரு கட்டுரைகள் ஆயின. அனுப்பிப் பார்த்த ஒரே பதிப்பகம், இல்லாத நாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதுவது முறையில்லை, நாவலாக மாற்றித் தந்தால் பரிசீலிக்கலாம் என்று பதில் போட்டது. "கதைன்னா யாருக்காவது ஏதாவது ஆகணுமே. அங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. நல்லா இருக்காங்க. அவங்களைப் போய் எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?" என்று சொல்லி, தானே புத்தகம் போடுவதென்று கிளம்பிவிட்டார். இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகம். அங்கே கம்ப்யூட்டரில் தட்டுவதும் பிழை பார்ப்பதும் ஓய்வு பெற்ற ஒரு புவியியல் டீச்சர். இருநூறு பிரதிகள். வெள்ளிக்கிழமை தண்ணீர் வாரிய அலுவலகத்தின் சாப்பாட்டு அறையில் வெளியீடு.

செவ்வாய்க்கிழமை முதல் பிரதியை என்னிடம் காட்ட எடுத்து வந்தார். வாசல் படியில் உட்கார்ந்து பக்கங்களைத் தடவிக்கொண்டே வந்தவரின் விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

"சார், இதைப் படிங்க."

"'மாலையில் சூரியன் மேற்கே இறங்கியதும்...'"

"மேற்கேயா?"

இருபத்திமூன்று இடம். குளிர்ந்த மேற்குச் சுவரில் இப்போது சுள்ளென்று வெயில். சமாதானம் பேச வந்தவர்கள் நிழலைக் காணாமல் முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். பத்தொன்பது வருடமாக ஒரு பிசகும் இல்லாமல் நடந்துகொண்டிருந்த நாடு கவிழ்ந்து கிடந்தது. அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு பேரும் அச்சகத்துக்கு நடந்தோம். வழியெல்லாம் என்ன கேட்பது என்று அக்கா மனசுக்குள் ஒத்திகை பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே நுழைந்ததுமே டீச்சர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் காதில் விழக்கூடாது என்று குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதேம்மா. இருபத்திமூணு இடத்துல திசை தப்பா இருந்துச்சு. ஒண்ணு விடாம சரி பண்ணிட்டேன். அச்சுல வந்திருந்தா உன் பேரு என்னத்துக்கு ஆகும்? யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அக்கா பிரதியைப் பைக்குள் செருகிக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றார். திரும்பி நடந்தோம்.

அன்று அவர் வீட்டுக்காரர், சாதுவான எலக்ட்ரீஷியன், ஒரு குதி குதித்தாராம். "நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டுட்டு, எல்லாத்தையும் திரும்ப அடிச்சுக் குடுக்கச் சொல்லு!" நானும் அதையேதான் சொன்னேன். குறைந்தபட்சம் பேனாவால் அடித்துத் திருத்தலாமே என்றேன்.

"எங்க வேலையில அடிச்சுத் திருத்தக் கூடாது சார். நம்பர் தப்பா எழுதிட்டா அது அப்படியேதான் நிக்கும். பக்கத்துல ஏன் அப்படி ஆச்சுன்னு குறிப்பு எழுதணும். பாவம், அவங்க முப்பது வருசமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்த திசை. என் நாட்டுக்காக அவங்க முகத்தை வாட வைக்கவா?"

வியாழன் சாயங்காலம் மறுபடியும் அச்சகம். இந்த முறை அக்காவின் கையில் ஒரே ஒரு தாள். முப்பத்திரண்டாவது கட்டுரை. தனியாக அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டிவிடலாம் என்று டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் வழக்கப்படி வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினார்.

"'இந்நாட்டைப் பற்றி வெளியே அனுப்பும் எழுத்துகளில், சூரியன் மறையும் திசையை மாற்றிச் சொல்வது இங்குள்ளோர் வழக்கம். படித்தவர்கள் வழி கண்டுபிடித்துக் கூட்டமாக வந்துவிடக் கூடாதல்லவா? இந்தப் புத்தகத்தில் அந்தப் பொறுப்பை ஒரு டீச்சர் ஏற்றுக்கொண்டார். இருபத்திமூன்று இடங்கள். ஒன்றையும் அவர் விடவில்லை.'"

தட்டும் சத்தம் நின்றது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

"முப்பத்தோரு கட்டுரையையும் ரெண்டு தரம் படிச்சேன்மா" என்றார் கடைசியில். "தப்பை மட்டும்தான் தேடியிருக்கேன் போல."

ஜன்னல் வழியே மாலை வெயில் நேராக டீச்சரின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையைப் போல மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, சாயங்காலம் அங்க சூரியன் எங்கதான் போகுது?"

மீட்டர் அக்கா நாற்காலியின் பின்பக்கம் போய் நின்றார். அதன் முதுகை இரண்டு கையாலும் பிடித்து, டீச்சரோடு சேர்த்து, ஜன்னலுக்கு எதிரே இருந்த கிழக்குச் சுவரைப் பார்க்க மெல்லத் திருப்பினார்.