வெற்றிலைக் கூடையில் நனைந்த கடைசி அத்தியாயம்

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் அகிலாண்டத்துக்குச் சால்வை போடுகிறார்கள். அவளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். புகழ்ந்து எழுத எனக்கு வராது. அவள் ஒன்றும் சாந்தசொரூபி இல்லை. இரவல் போன புத்தகம் எண்ணெய்க் கறையோடு திரும்பினால் வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

சிம்மக்கல் பக்கம் ஒரே சந்தில் அவளும் நானும் குடியிருக்கிறோம். எல்லாப் பத்திரிகையும் வாங்க எங்களில் யாருக்கும் வசதி கிடையாது. அதனால் வீட்டுக்கு ஒரு வாரப்பத்திரிகை என்று பிரித்துக்கொண்டோம். துண்டுதுண்டாகப் படித்தால் ருசிக்காது என்று அகிலாண்டம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் முதலிலேயே தனியாக எடுத்து வைப்பாள். கதை முடிந்ததும் பைண்டு பண்ணுவாள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போட்டாயா என்று பைண்டரிடம் ஒரு சண்டை. அப்புறம் யார் கேட்டாலும் சும்மாவே இரவல்.

எண்பத்தொன்றில் அப்படி ஒரு கதை. வரிசையில் முதலில் வாங்கிப்போனவள் சோலையம்மாள். சோழவந்தானிலிருந்து சந்தைக்கு வெற்றிலை கொண்டுவருகிறவள். கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போதே கெடு முடிந்து, திருப்பிக் கொடுக்க வந்த அன்று பஸ்ஸில் கூட்டம். கூடைதான் பத்திரம் என்று புத்தகத்தை வெற்றிலைக்கு அடியில் வைத்துவிட்டாள். வாடாமலிருக்கத் தெளித்த தண்ணீரெல்லாம் கீழே இறங்கி, கடைசி அத்தியாயம் கூழாகிப் போனது.

"இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன் மாமி" என்று அழுதாள்.

"அழுதா எழுத்து திரும்பி வருமா? மூக்கைத் துடை" என்றாள் அகிலாண்டம்.

அந்தக் கதை புத்தகமாகி எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கும் வந்திருந்தது. ஆனால் புதுப் புத்தகத்தை வீட்டுக்குத் தர மாட்டார்கள். கடைசிச் சந்து முத்திருளன் நகல் எடுத்துத் தரும் சைக்ளோஸ்டைல் கடை வைத்திருந்தான். அவனுக்கு உடனே யோசனை வந்தது.

"தெரிஞ்ச ஆள வச்சு ஒரு நாளைக்கு வெளிய எடுத்தாரேன் மாமி. முழுசையும் ஸ்டென்சில் வெட்டி வீட்டுக்கு ஒண்ணு சுத்தித் தாரேன். மிச்சத்த கடையில வச்சா வித்துரும்."

எங்களுக்கெல்லாம் வாயெல்லாம் பல். எனக்கும்தான்.

"கதை எழுதினவர் ஆத்துல அடுப்பு எரிய வேண்டாமாடா? நாம காசு கொடுத்து வாங்கினதை நான் ஆருக்கு வேணும்னாலும் இரவல் கொடுப்பேன். நீ சுத்தி வித்தா அது அவர் சோத்துல கை வைக்கறது" என்று அவனை விரட்டிவிட்டாள்.

எதிர்வீட்டு ரெங்கம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப முடிவு தெரியாமலே கெடக்கணுமாக்கும்? ஊருக்கு முந்தி நியாயம் பேச வந்துருவீக!"

"நனைஞ்ச பக்கத்தை மட்டும் பாத்து எழுதிண்டு வரேன். ரெண்டு நாள் வாயை மூடிண்டு இரு."

நானும் கூடப் போனேன். அவள் பேனாவைத் திறந்ததுமே நூலகர் நல்லகாமன் ஓடிவந்தார்.

"எழுதக் கூடாதும்மா. காப்பிரைட்டுன்னு ஒண்ணு இருக்கு. கேஸாயிரும், என் வேலை போயிரும்."

"கிழிஞ்ச புடவைக்கு ஒட்டுத் துணி கேக்கறேன். ஜவுளிக்கடையையே தூக்கிண்டா போறேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

"சரி, எழுதலை. படிக்கலாமோல்லியோ?"

"தாராளமாப் படிங்க."

மறுநாள் எங்கள் சந்துப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சோலையம்மாள் சொட்டுகிற கூடையோடு வந்தாள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ரெங்கம்மாள் உரக்கப் படித்தாள், நடுநடுவே மூக்கைச் சிந்திக்கொண்டு. கதாநாயகி புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனது சரியா தப்பா என்று சண்டை வந்தது. பேப்பர் படிக்க வந்த ஆம்பளைகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"இது லைப்ரரியா, கல்யாண வீடா?" என்று நல்லகாமன் தலையில் கைவைத்தார்.

"படிக்கலாம்னு நீங்கதானே சொன்னேள்?"

அதற்கடுத்த நாளும் போனோம். அன்றைக்கு அவர் மேலாபீசில் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"சொந்தப் படிப்புக்குக் கொஞ்சம் பாத்து எழுதிக்கிடலாமாம். முழுசாக் காப்பி போட்டு விக்கத்தான் கூடாதாம். எழுதுங்க தாயி. எழுதிட்டு இவுகளைக் கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

"நான் சொன்னதும் அதைத்தானே" என்று பேனாவைத் திறந்தாள்.

அதிலிருந்து அங்கே யார் எழுதினாலும் நல்லகாமன் தடுத்ததில்லை. கல்லூரிப் பிள்ளைகள் பாட்டுக்கு உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். தங்களுக்காகச் சண்டை போட்டது யாரென்று அதுகளுக்குத் தெரியாது. அகிலாண்டத்துக்கும் அதில் குறையில்லை.

எழுதிய தாளைச் சேர்த்துத் தைத்ததும் புத்தகத்தை முதலில் சோலையம்மாளைக் கூப்பிட்டுத்தான் கொடுத்தாள்.

"முடிவத்தான் லைப்ரரியிலயே கேட்டுட்டேனே மாமி" என்று அவள் தயங்கினாள்.

"கேட்டது ரெங்கம்மா குரல். நீயாப் படி."

சோலையம்மாள் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். "ஆமா, அந்த அக்கா பாதிக் கதைய அழுகையிலயே முழுங்கிருச்சு" என்றாள்.