ஏழாம் கதவில் 47 நிமிடம்

“ஆளே இல்லாம ஏழாம் கதவு தெளியுதுங்கிறேன், நீ சிரிக்கிற!”

“பேய்க்கு ஐஸ்கிரீம் ஆசை வந்திருக்கும், டோரீன்.”

“உன் மூஞ்சியப் பாத்தா பேய்கூட வேற கடைக்குப் போயிரும், டுவைட்!”

இது கட்டுக்கதை இல்லை. எனக்கே நடந்தது. போன மாதம், அமெரிக்காவில், டுலூத் நகரத்தில், நான் பராமரிப்பு வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டில். டுவைட் எங்கள் மேனேஜர். டோரீன், ஃப்ரீசர் அறைக்குள் சரக்கு அடுக்குகிறவள். பதினோரு வருடமாக என் தோழி.

அந்த அறைக்குக் கடைப்பக்கம் வரிசையாகக் கதவுகள்; அவற்றில் கண்ணாடியே திரை. சும்மா இருக்கும்போது விளம்பரம் ஓடும். உள்ளே இருப்பது தெரியாது. யாராவது முன்னால் வந்தால், மேலே உள்ள சின்ன கேமரா பார்த்துவிடும். படம் மறைந்து கண்ணாடி தெளியும். வந்தது ஆணா பெண்ணா, என்ன வயது, எவ்வளவு நேரம் நின்றார், எல்லாம் பதிவாகும்.

டுவைட் என் பக்கம் திரும்பினான்.

“ஆர்லன், அந்தக் கேமரா மேல டேப் ஒட்டிரு. விளம்பரம் பாதியில நிக்குதுன்னு தலைமை ஆபீஸ்ல கத்துறாங்க.”

ஒட்டினேன். கறுப்பு டேப், இரண்டு அடுக்கு. செவ்வாய்க்கிழமை, மதியம் 3:40.

அன்று மாலை 5:17. வெளியே பனிப்புயல், நன்றாக இருட்டிவிட்டது. கடையில் நாலைந்து பேர்தான். ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் வந்தேன்.

ஏழாம் கதவு தெளிந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். டேப் அப்படியே இருந்தது.

உள்ளே, கீழ்த்தட்டில், ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு நடுவே டோரீனின் முகம். உதட்டில் வெள்ளையாகப் பனி. உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினாள்.

டொக்... டொக்... டொக்...

அவள் அடிக்கடி இப்படி விளையாடுவாள். நானும் சிரித்துக் கையை ஆட்டினேன்.

“யாருக்குய்யா டாட்டா காட்டுற?”

முதுகுக்குப் பின்னால் குரல்.

டோரீன். கையில் ஆவி பறக்கும் காபி.

திரும்பிக் கதவைப் பார்த்தேன். ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் விளம்பரம்.

பார்த்ததைச் சொன்னேன். “ரெண்டு நாள் உள்ள போகாதே” என்றேன்.

“அப்போ சரக்கை நீயா அடுக்குவ? உனக்கு முழங்கால் வலின்னு ஊருக்கே தெரியும்” என்று சிரித்தாள். ஆனாலும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். நானும் புதன்கிழமை உள்ளே போய்க் கதவுப் பூட்டு, விளக்கு, அடுக்குகள் எல்லாவற்றையும் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

டேப்பை மட்டும் எடுக்கவில்லை. டுவைட் கத்துவானே என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டோரீன் உள்ளே போனாள். பெட்டி அடுக்கு சரிந்து அவள் மேல் விழுந்தது. ஏழாம் கதவுக்குப் பின்னால்.

பெட்டிகள் நெஞ்சை அழுத்தியதால் கத்த முடியவில்லை. தட்டியிருக்கிறாள். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அன்றும் பனிப்புயல்; ஐஸ்கிரீம் வாங்க யார் வருவார்? ஆனாலும் அந்த வழியாக ஆள்கள் நடந்தார்கள். டேப் இல்லாவிட்டால் கண்ணாடி தெளிந்திருக்கும்.

நான் மூன்று முறை கடந்து போனேன்.

மூன்று முறையும் ஸ்ட்ராபெரி.

அவளை உயிரில்லாமல் வெளியே தூக்கியது 6:04க்கு. பெட்டிகள் சரிந்த சத்தத்தை ஒருவர் கேட்டும், சரக்கு இறக்குகிறார்கள் என்று விட்டிருக்கிறார்... 5:17.

போன வாரம் திரையை மாற்ற வந்த ஆள் பழைய பதிவுகளை எடுத்துக் காட்டினார். ஏழாம் கதவில் டேப் ஒட்டிய பிறகு ஒரே ஒரு பதிவு. வெள்ளிக்கிழமை இல்லை. செவ்வாய்க்கிழமை, 5:17.

பெண். வயது 51. நின்ற நேரம் 47 நிமிடம்.

டோரீனுக்கு வயது 51. நான் அங்கே நின்றது ஒரு நிமிடம்கூட இல்லை. எனக்கு வயது 53. அந்தக் கேமரா வெளிப்பக்கம்தான் பார்க்கும். உள்ளே இருப்பவரை அதால் பார்க்கவே முடியாது.

நேற்று புதுத் திரையின் பதிவைப் பார்த்தேன். டேப் இல்லை. ஆனால் கடை மூடியிருந்த நேரம், உள்ளே யாருமே இல்லை.

ஆண். வயது 54. நின்ற நேரம் 1 மணி 12 நிமிடம்.

வருகிற திங்கள்கிழமை எனக்கு 54.

வேலையை விட்டுவிடு என்பீர்கள். டோரீனும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். உங்களில் யாராவது இந்தத் திரைக் கதவு உள்ள கடையில் வேலை பார்த்திருந்தால், இப்படி ஒரு பதிவு வந்த பிறகும் உயிரோடு இருக்கும் ஒருவரைத் தெரிந்திருந்தால்... தயவுசெய்து பதில் போடுங்கள். திங்கள்கிழமைக்குள்.